தம் பிள்ளைக்கு ஒன்று, ஊரார் பிள்ளைக்கு ஒன்று

தலைநகரில் வாழும் தமிழர்க்குத் 'தில்லி ஹாட்' என்னும் அங்காடி புதியதன்று. 1994-ஆம் ஆண்டில் ஐ.என்.ஏ. சந்தைக்கு எதிரே தோன்றிய அவ்விடத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரும் கைவினைஞர்கள் பதினைந்து நாட்கள் முறை வைத்துக் கடை விரிக்கின்றனர். செய்தவனே நேரில் நின்று விற்க வேண்டும், இடையில் தரகன் கூடாது என்பது அதன் நோக்கம். சென்ற மார்கழியில் ஒரு மாலை என் மகளுடன் அங்குச் சென்றிருந்தேன். வரிசையின் கடைக்கோடியில், சுவாமிமலையிலிருந்து வந்த சிற்பி ஒருவர் ஐம்பொன் திருமேனிகளைத் துணி விரித்து அடுக்கியிருந்தார். ஒரு சாண் உயரப் பிள்ளையார் ஒருவர் என் கண்ணைப் பறித்தார். விலை பேசி முடிந்தபின், நம்மவர் என்ற உரிமையில் பேச்சு வளர்ந்தது.

"எத்தனை தலைமுறையாகச் செய்கிறீர்கள், தம்பி?" என்றேன்.

"தாத்தா காலத்திலேருந்துங்க ஐயா. அதுக்கு முன்னாலயும் இருக்கும். யாரும் எழுதி வைக்கல."

"பிள்ளைகள்?"

"ஒரே பையன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான்."

என் உள்ளம் துணுக்குற்றது. "அடடா! அவனையும் இதிலேயே பழக்குங்கள். படிப்பு யாருக்கும் வரும். இந்தக் கை யாருக்கு வரும்? இந்தக் கலை உங்களோடு அழிந்துவிடக் கூடாது" என்று, மேடையில் நின்று பேசுவதுபோல் சொல்லிவிட்டேன்.

அவர் திருமேனியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, எவ்விதக் குத்தலும் இன்றிக் கேட்டார்: "ஐயா வீட்டுப் பிள்ளைங்க யாராச்சும் கத்துக்க வருமாங்க? பட்டறையில இடம் இருக்கு. சாப்பாடும் எங்களோடயே ஆயிடும்."

நான் சிரித்து மழுப்பினேன். என் மகள் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு கிழமைக்கு முன்புதான், பள்ளி இறுதி வகுப்பை முடிக்கப்போகும் அவள், ஓவியக் கல்லூரியில் சேர விரும்புவதாகச் சொல்லியிருந்தாள். "ஓவியம் சோறு போடாது, அம்மா. முதலில் பி.காம். முடி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்துகொள், யார் தடுக்கப் போகிறார்கள்?" என்று நான் விடையிறுத்திருந்தேன். ஒரே வாய், எட்டு நாட்களுக்குள் இரு பிள்ளைகளுக்கு இரு நெறிகளைக் கற்பித்துவிட்டது. கலையில் பிறந்தவனைக் கலையை விட்டுப் போகாதே என்றது. கலையை நாடியவளைக் கலைப்பக்கம் போகாதே என்றது.

இது இரட்டை நாக்கா? அல்லது இருவேறு நிலைகளுக்கு ஏற்ற இருவேறு அறிவுரைகளா? இவ்வினாவை எனக்குள்ளேயே பலநாள் உருட்டிப் பார்த்தேன். மலரில் எழுதுமாறு சங்கத்தார் பணித்தபோது, இதனையே எழுதிப் பார்ப்பது என்று துணிந்தேன். நம்மிற் பலர் வீட்டிலும் இந்நாடகம் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

முதலில், என் பக்கத்து வழக்கை நானே வாதாடிப் பார்க்கிறேன். நோய்க்கேற்ப மருந்து மாறுவதுபோல் ஆளுக்கேற்ப அறிவுரையும் மாறுவது குற்றமன்று. சிற்பியின் மகனுக்குப் பட்டறை இருக்கிறது, உலை இருக்கிறது, தந்தையின் கை பக்கத்தில் இருக்கிறது. என் மகளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் தொடர்ந்தால் முன்னோர் தேடிய முதல் வீணாகாது. அவள் தொடங்கினால் முதலே இல்லாத வாணிகம். ஆகவே அவனைத் தொடரச் சொன்னதும் இவளைத் தடுத்ததும் ஒரே அறிவின் இரு கிளைகள் எனலாம்.

வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. என் மகளுக்கு அறிவுரை சொன்னபோது நான் எதனை எண்ணினேன்? அவளுடைய சோற்றை, உறையுளை, முதுமையை எண்ணினேன். சிற்பியின் மகனுக்குச் சொன்னபோது எதனை எண்ணினேன்? கலையை எண்ணினேன். அவனுடைய சோறு என் நினைவிலேயே இல்லை. ஒருவரை மனிதராக வைத்தும் மற்றொருவரைக் கலையைச் சுமக்கும் கலமாக வைத்தும் பேசியிருக்கிறேன். அறிவுரை மாறியதில் குற்றமில்லை. எண்ணிய பொருள் மாறியதில்தான் குற்றம்.

இவ்வழக்கு தமிழகத்திற்குப் புதிதன்று. 1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்ற சிக்கனக் கணக்கும், கைத்தொழில் மேல் இருந்த உண்மையான மதிப்பும் அதன்பின் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மக்கள் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றே அழைத்தனர். குயவன் மகன் குயவனாகவும், எழுத்தர் மகன் எழுத்தராகவும் நிற்கும் ஏற்பாடு என்று அதனைக் கண்டனர். எதிர்ப்புப் பெருகியது, 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நம்முள் மூத்தோர் சிலருக்கு அந்நாளைய ஊர்வலங்கள் நினைவிருக்கலாம்.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே வினா வேறு உடையில் வந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிற்று. தச்சர், கொல்லர், குயவர், சிற்பி, பொற்கொல்லர் முதலாகப் பதினெட்டுத் தொழிலினர்க்குப் பயிற்சி. பயிற்சி நாட்களில் நாளொன்றுக்கு 500 ரூபாய். கருவிகள் வாங்க 15,000 ரூபாய். ஈடு கேளாமல், 5 விழுக்காடு வட்டியில், முதலில் ஒரு இலட்சமும் பின்னர் இரண்டு இலட்சமுமாகக் கடன். கந்துவட்டிக்காரனிடம் பொன்னையும் மண்ணையும் அடகு வைத்துக் காலம் தள்ளிய கைவினைஞனுக்கு இஃது எளிய உதவியன்று. ஆனால் குடும்பவழித் தொழிலை அடிப்படையாகக் கொண்டிருந்ததைச் சுட்டி, தமிழக அரசு 2024 நவம்பரில் இத்திட்டத்தை இருந்தபடி ஏற்க இயலாதென்று அறிவித்தது. குடும்பம் பரம்பரையாக அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்பதை நீக்க வேண்டும், வயது வரம்பைப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்துக்கு உயர்த்த வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். பின்னர் 2025-இல், குடும்பப் பின்னணி கேளாத, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கான, இருபத்தைந்து தொழில்களைக் கொண்ட வேறொரு கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கிற்று.

இதில் கட்சி அரசியலை நான் தொட விரும்பவில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு. என்னைச் சிந்திக்க வைத்தது அந்த வயது வரம்புதான். பதினெட்டு வயதில், கல்லூரிக்குப் போவதா பட்டறையில் அமர்வதா என்று ஓர் இளைஞன் தயங்கி நிற்கும் வாசலில் கடனும் கருவியும் கொண்டு போய் வைத்தால், அஃது உதவியா, தூண்டிலா? முப்பத்தைந்தில் கொடுத்தால், அவன் தன் வழியைத் தானே தேர்ந்தபின் கொடுப்பதாகும். மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கல்லூரி செல்ல இயலாத, செல்ல விரும்பாத பதினெட்டு வயதினன் ஒருவன், பதினேழு ஆண்டுகள் உதவியின்றிக் காத்திருப்பதா? கதவை அடைப்பவர், கதவுக்கு உள்ளிருப்பவனையும் வெளியே நிற்பவனையும் ஒருங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எளிய விடை எனக்குக் கிட்டவில்லை.

குலவழிக் கற்றலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களுள் வலிமையானது ஒன்று உண்டு. அதனை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கை இளமையில்தான் படியும் என்பது அவ்வாதம். சுவாமிமலை வார்ப்பு முறையைப் பார்த்தவர்க்கு இதன் உண்மை விளங்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகால் முதலில் உருவம் முழுவதும் செய்யப்படுகிறது. தென்னங்கீற்றை மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று தாளமானம் விரலுக்குள் இருக்கிறது. காவிரியின் வண்டல் மண்ணை நுண்ணிதாகப் பூசி, காயவிட்டு, மேலும் கனமாக மண் அப்பி, கம்பி கட்டி, நெருப்பில் வாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பு பாயும். மண்ணை உடைத்தால் திருமேனி. அந்த அச்சு அதற்கு மட்டுமே, மறுமுறைக்கு உதவாது. அப்புறம் உளியும் அரமும் கொண்டு வாரக்கணக்கில் செதுக்கல். மெழுகு எவ்வளவு இளகியிருக்க வேண்டும், மண் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், குழம்பு எந்த நிறத்தில் ஊற்றத்தக்கது என்பவற்றை எந்த நூலும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் அமர்ந்து, பார்த்து, கெடுத்து, திட்டு வாங்கி, மீண்டும் செய்தே கற்க வேண்டும்.

உண்மைதான். ஆயினும் பக்கத்தில் அமர்வதற்கு மகனாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படவில்லையே! மாமல்லபுரத்தில் 1957-இல் சிற்பப் பயிற்சிக் கூடம் ஒன்றை அரசு தொடங்கி, அது கல்லூரியாக வளர்ந்தது. கன்னியாகுமரிக் கடலில், 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி, அந்நிறுவனத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர். அவர் சிற்பிகள் குடியில் பிறந்தவர். ஆனால் தாம் அறிந்ததைக் கல்லூரி வகுப்பில் வைத்துக் கற்பித்தார். குடும்பத்துக்குள் மறையாக இருந்ததைக் கரும்பலகையில் எழுதலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பட்டறையும் வேண்டும், பள்ளியும் வேண்டும், விரும்பியவன் நுழைய வழியும் வேண்டும். தந்தை யார் என்ற கேள்வி மட்டும் வேண்டா.

இனி, என் மகளிடம் வருகிறேன்.

நம் தலைமுறைக்கு இருக்கும் அச்சத்தைப் பழிப்பது எளிது. அதன் வேரை அறிந்தவர் பழிக்க மாட்டார். நம் தந்தையரும் பாட்டன்மாரும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, ஒரு தகரப் பெட்டியுடன் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறியவர்கள். கரோல்பாக்கில் மாடி அறை ஒன்றில் நால்வராய்த் தங்கி, மாதம் முதல் தேதியில் ஊருக்குப் பணவிடை அனுப்பியவர்கள். அவர்களுள் பாடியவர் உண்டு, வரைந்தவர் உண்டு, நாடகம் எழுதியவர் உண்டு. எல்லாவற்றையும் அலுவலகம் விட்டபின் வைத்துக்கொண்டார்கள். நம் சங்கங்களே அந்த மாலை நேரங்களில் பிறந்தவைதாம். 'முதலில் சோறு, பின்பு கலை' என்பது அவர்கள் உரைத்த தத்துவம் அன்று, பட்டறிவு.

எண்களும் அச்சத்தின் பக்கமே நிற்கின்றன. 2019–20-இல் எடுக்கப்பட்ட நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கைத்தறித் தொழிலில் 35 இலட்சம் பேர் இருந்தனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. நாம் திருமணத்திற்கு வாங்கும் ஒரு பட்டுப்புடைவையின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் நெஞ்சு கூசும். இந்நிலையில் நெசவாளி தன் மகனைத் தறியிலிருந்து எழுப்பி அனுப்புவானாயின், அவன் கலையைக் கொன்றவன் ஆவானா? பிள்ளையைக் காத்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். அதே காப்பு உணர்ச்சிதானே என்னையும் பேச வைத்தது! சிற்பியும் நானும் ஒரே அறிவுரையைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அவர் பாலிடெக்னிக் என்றார், நான் பி.காம். என்றேன். அந்நியர் இருவர் ஒருவர் மற்றவர் பிள்ளைக்குச் சொல்லும்போதுதான் கலை வந்து குறுக்கே நிற்கிறது.

இவ்வச்சத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு வழியும் கண்டவர் ஒருவர் உண்டு. கே. சி. எஸ். பணிக்கர் 1911-இல் பிறந்தவர். இளமையில் குடும்பச் சுமையால் தந்தியிலாகாவில் வேலை பார்த்தார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளியில், அந்நாளில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவராக இருந்தார். மெரினாக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். பணிக்கர் பின்னர் அதே பள்ளிக்குத் தாமே தலைவரானார். ஆண்டுதோறும் திறமை மிக்க மாணவர்கள் பட்டயம் பெற்று வெளியேறுவதையும், சில ஆண்டுகளில் விளம்பர நிறுவனங்களிலும் வேறு வேலைகளிலும் கரைந்துபோவதையும் அவர் கண்முன்னே கண்டார். கற்பித்ததோடு ஆசிரியர் கடமை முடிந்ததா என்ற வினா அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

அவரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தனர். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளைச் செய்து விற்றனர். வந்த பணத்தைக் கூட்டிச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரச் சவுக்கும் மணலுமாய்க் கிடந்த நிலத்தை வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூர் பிறந்தது. அரசு மானியத்தில் பிறந்ததன்று அது. துணி விற்ற காசில் பிறந்தது. அடுப்பெரியக் கைவினை, அகம் எரியக் கலை என்று அங்கே வாழ்க்கை வகுக்கப்பட்டது. வாங்குவோர் விருப்பத்திற்கு ஏற்பத் துணியில் வரைந்தால், தம் விருப்பத்திற்கு மட்டும் கித்தானில் வரையும் உரிமை கிடைத்துவிடும் என்பது ஏற்பாடு. பணிக்கர் 1977-இல் மறைந்தார். சிற்றூர் இன்றும் நிற்கிறது.

இதனைப் போற்றும்போதே ஒரு முள்ளும் எனக்குத் தென்படுகிறது. கைவினை சோற்றுக்கு, கலை தனக்கு என்று பிரித்தால், கைவினை தாழ்ந்தது என்ற கருத்து அதற்குள் ஒளிந்திருக்கவில்லையா? பாட்டிக் துணியையே வாழ்வாகக் கொண்டவன் அதைக் கேட்டால் என்ன நினைப்பான்? சுவாமிமலைச் சிற்பியிடம் சென்று, பிள்ளையார் செய்வது உமது வயிற்றுக்கு, ஆனால் உமது ஆன்மாவுக்கு என்ன செய்கிறீர் என்று கேட்டால், அவர் திகைப்பாரே தவிர விடை சொல்லமாட்டார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துப் பார்ப்பது படித்தவர் பழக்கம்.

இப்பிரிவைச் சற்றே தைத்த முயற்சி ஒன்றும் இந்நாட்டில் நடந்தது. 1950-களின் நடுவிலிருந்து, புபுல் ஜெயகரின் முயற்சியால், பல நகரங்களில் நெசவாளர் சேவை மையங்கள் எழுந்தன. ஓவியர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, நெசவாளரோடும் சாயமிடுவோரோடும் ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரியச் செய்தனர். பம்பாய்ப் பக்கத்தில் பிரபாகர் பர்வே அவ்வாறு பணியாற்றினார். நம் ஆதிமூலம், தமிழ் இதழ்களின் பக்கங்களில் கோட்டோவியங்களால் நம் கண்களைப் பழக்கிய அதே ஆதிமூலம், அம்மையப் பணியில் பல்லாண்டு இருந்தார். ஓவியருக்குச் சம்பளம், நெசவாளருக்குப் புதிய வடிவம், இருவருக்கும் ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பு. கலைஞர்க்கு உதவி என்று பேசும்போதெல்லாம் எனக்கு இதுவே முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் இதில் கொடுப்பவர் கை மேலும் பெறுபவர் கை கீழுமாக இல்லை.

வேறு உதவிகளையும் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் இவை உள்ளன என்பதையே அறியாமல் இருக்கின்றனர். லலித் கலா அகாதெமி 1976-இல் தில்லிக் கடியில் பழைய கோட்டை மதிலுக்குள் கலைக்கூடங்களை அமைத்தது. தனிக்கூடம் எடுக்க வசதியற்ற ஓவியரும் சிற்பியும் குறைந்த கட்டணத்தில் அங்கே வேலை செய்யலாம். சென்னையிலும் அதன் வட்டார மையம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: ஓர் ஓவியத்தின் மூலப்படி மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் விலைபோனால், வரைந்தவர்க்கும் அவர் வாரிசுக்கும் அவ்விலையில் பத்து விழுக்காட்டுக்கு மிகாத பங்கு கோரும் உரிமை. இளமையில் வாடகைக்காக விற்ற படம் முதுமையில் இலட்சங்களுக்குக் கைமாறும்போது, வரைந்தவன் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்னும் அற எண்ணம் அதில் இருக்கிறது. எத்தனை ஓவியர் இதனைக் கேட்டுப் பெற்றிருப்பார் என்று கேட்டால், உதட்டைப் பிதுக்க வேண்டியதுதான். கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமையில் 1952-இல் தொடங்கிய அகில இந்தியக் கைவினை வாரியமோ 2020-இல் கலைக்கப்பட்டுவிட்டது. வாரியங்கள் தூங்கிப்போவதுண்டு, தூங்குபவரை எழுப்புவதற்குப் பதில் கட்டிலையே எடுத்துவிட்டார்களோ என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அரசை நோக்கி விரல் நீட்டிக்கொண்டே இருந்தால், நம் கை மறைந்துவிடும். உதவி என்பது திட்டத்தில் மட்டும் இல்லை. ஒருமுறை விழாக் குழு ஒன்றில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். மேடையின் பின்திரைக்கு மதுரைக் கோபுரம் வரைய வேண்டும். ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம்மவர் பிள்ளை ஒருவனை அழைத்தோம். ஐந்து இரவுகள் விழித்து, பதினெட்டடித் துணியில் வரைந்து முடித்தான். ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் கொடுத்தோம், பந்தல்காரருக்குக் கொடுத்தோம், சமையற்காரருக்கு முன்பணமே கொடுத்தோம். அவனுக்குப் பொன்னாடை போர்த்தினோம். "வளரும் கலைஞனுக்கு நல்ல வாய்ப்பு" என்று ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன். சாயம் வாங்கிய செலவையாவது கேட்டறிந்தோமா என்றால், இல்லை. ஓவியம் சோறு போடாது என்று வீட்டில் நான் சொன்னதை, வெளியில் நானே மெய்ப்பித்திருக்கிறேன்!

அப்பிள்ளை பின்னாளில் வேறு துறைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு அந்தப் பொன்னாடையே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவனுடைய தந்தை அவனிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை என்னால் எளிதில் ஊகிக்க முடிகிறது.

ஓர் அறிவுரை நேர்மையானதா என்று அறிய எனக்கு இப்போது ஓர் உரைகல் கிடைத்திருக்கிறது. அதன் விலையில் நான் எவ்வளவு தருகிறேன் என்று பார்ப்பது. சிற்பியின் மகன் பட்டறையில் அமர வேண்டும் என நான் விரும்பினால், அவன் செய்வதற்கு அவன் கேட்கும் விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆகிறேன். கொடுக்க மனமில்லையேல், அவன் பாலிடெக்னிக் போவதைப்பற்றிப் பேச எனக்கு வாயில்லை. என் மகள் ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டாம் என்றாலும் அதற்கும் ஒரு விலை உண்டு. அதனைக் கொடுப்பவள் அவள். நாற்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், யாரும் அறியாமல் அவள் கொடுப்பாள். என் கணக்கில் அது பற்று எழுதப்படுவதே இல்லை.

இவ்வளவும் எண்ணியபின், சென்ற மாதம் ஒருநாள் அவளை உட்காரவைத்துப் பேசினேன். அறிவுரை சொல்லவில்லை; கேட்டேன். நான்காண்டுப் படிப்பு முடிந்தபின் முதல் மூன்றாண்டு எப்படி வாழ்வதாக எண்ணுகிறாய் என்றேன். அவள் ஒரு தாளை எடுத்துவந்தாள். நான் வியக்கும்படி, எல்லாம் எழுதி வைத்திருந்தாள். பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணிக்கு என்ன தகுதி வேண்டும், புத்தகங்களுக்குப் படம் வரைந்தால் என்ன தருகிறார்கள், துணி அச்சுக்கு வடிவம் வரைய எங்கே கற்பிக்கிறார்கள், கடிக் கலைக்கூடத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்றெல்லாம் விசாரித்திருந்தாள். கணக்கில் இரண்டு இடங்களில் தவறு இருந்தது, திருத்திக் கொடுத்தேன். வருவாய் அவள் எண்ணியதினும் குறைவாகவும், வாடகை அவள் எண்ணியதினும் அதிகமாகவும் ஆயின. அவள் முகம் வாடியது. ஆனால் தாளைக் கிழித்துப் போடவில்லை. பென்சிலால் மீண்டும் கூட்டிப் பார்த்தாள்.

பிறகு, அலமாரியில் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே, "அன்றைக்கு அவர் இதற்கு என்ன விலை சொன்னார், அப்பா?" என்று கேட்டாள்.

"ஒன்பதாயிரம்."

"நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?"

"ஏழாயிரத்து இருநூறு" என்றேன். அன்று வீடு திரும்பும் வழியில் அந்தத் தள்ளுபடியைப் பற்றி அவள் தாயிடம் தொலைபேசியில் நான் பெருமையோடு பேசியது அவளுக்கும் நினைவிருந்திருக்கும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து, பெற்றோர் கையொப்பம் இடவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். நான் பேனாவைத் தேடினேன்.